மேஜருக்கு என்ன ஆச்சு?

9

ஷெல்பி வருகிற நாளாகப் பார்த்தா மேஜருக்கு உடம்புக்கு வர வேண்டும்?

கொரீன் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். உள்ளே மேஜர் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்கவில்லை. மூலைக்கு மூலை போய் மூடியை முட்டுவதும், மரச்சீவலுக்குள் தலையை விட்டுத் தோண்டுவதும், மறுபடி மேலே ஏறுவதுமாக இருந்தான். கறுப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக, நாலடி நீளத்துக்கு மினுமினுக்கும் உடம்பு. அதன் பின்பாதி மட்டும், சாக்ஸுக்குள் எலுமிச்சம்பழங்களைத் திணித்து வைத்தது போலப் புடைத்திருந்தது.

போன வாரமும் எலியைத் தொடவில்லை. அதற்கு முந்தின வாரமும் தொடவில்லை.

"டெல்! இங்க கொஞ்சம் வந்து பாரேன்!"

டெல்பர்ட் காபிக் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"மலச்சிக்கலா இருக்கும்" என்றார். "எனக்கும்தான் ரெண்டு நாளா இருக்கு. நான் ஊரைக் கூட்டினேனா?"

"நீ ஊரைக் கூட்டாத நாள் எது?"

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. போன அக்டோபரில்தான் கொரீன் டெல்பர்ட்டைக் கைப்பிடித்தாள். இருவருக்குமே இது இரண்டாவது கல்யாணம். அவருடைய ஒரே மகள் ஷெல்பி கல்யாணத்துக்கு வந்தாள். கேக் வெட்டுவதற்கு முன்பே ரீனோவுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் ரொட்டி சுடும் வேலை. அவள் விட்டுப்போன அறையில், பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் வளர்த்த ராஜாப்பாம்பு இருந்தது. ராஜநாகம் என்று பயந்துவிட வேண்டாம். இது விஷமே இல்லாத ஜாதி. வாலை ஆட்டிச் சத்தம் போடும் விஷப்பாம்பைக்கூட விழுங்கிவிடும் என்பதால் கிடைத்த பட்டம் அது. அவர்கள் ஊரான போர்ட்டர்வில்லின் ஆரஞ்சுத் தோப்புகளில் வாய்க்காலுக்கு வாய்க்கால் பார்க்கலாம்.

கொரீன் அதுவரை பார்த்ததில்லை. பார்த்த அன்றே டுலேரியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த அறைக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று டெல்பர்ட் சத்தியம் செய்த பிறகுதான் திரும்பினாள்.

ஜனவரியில் டெல்பர்ட்டுக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. கையைத் தூக்க முடியாது. யாராவது தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றியாக வேண்டும். கொரீன் அடுப்புக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை உள்ளே விட்டாள்.

இப்போது கையுறை எங்கே கிடக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

"அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாம் கொரீ" என்றார் டெல்பர்ட். "நீதான் பாத்துக்கறேன்னு."

"வேணாம். அவ அறை, அவ பாம்பு. நான் நுழைஞ்சேன்னு தெரிஞ்சா இன்னும் கசப்பு. எப்படியும் இன்னிக்கு அழைச்சிட்டுப் போகப் போறா."

அதைச் சொல்லும்போது அவள் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காததை டெல்பர்ட் கவனித்தார். ஆறு மாசத்துக்கு முன்னால் இதே செய்தி வந்திருந்தால் கொரீன் கேக் செய்து கொண்டாடியிருப்பாள்.

அவள் மூடியின் கொக்கிகளைக் கழற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. சாப்பாட்டு வாசனை இருந்தால் இந்த ஜாதி விரலையும் எலியையும் ஒன்றாகத்தான் பார்க்கும். மெதுவாக அடிவயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினாள். மேஜர் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டான்.

"என்னடா கண்ணு, எங்க வலிக்குது? சொல்லு எங்கிட்ட."

"அவனை யார் வெளியில எடுக்கச் சொன்னது?"

கொரீன் திரும்பினாள். வாசலில் ஷெல்பி நின்றாள். முதுகில் பை, தலையில் தொப்பி, விடியும் முன்னே கிளம்பி மலை தாண்டி வந்த களைப்பு முகத்தில். மத்தியானம்தான் வருவாள் என்று நினைத்திருந்தார்கள்.

"ஷெல்பி! வாம்மா... இவன் கொஞ்சம்..."

"குடுங்க இப்படி."

ஷெல்பி அவனை வாங்கிக்கொண்டாள். விரல்கள் அவன் உடம்பின் வழியே இறங்கின. பாதிக்கு மேல் போனதும் நின்றன. இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

"அப்பா, எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

டெல்பர்ட் கொரீனைப் பார்த்தார்.

"வீக்கம் பத்து நாளா கொஞ்சம் கொஞ்சமா" என்றாள் கொரீன். "நடுவுல தோல் உரிச்சான். கண்ணுலேர்ந்து வால் நுனிவரைக்கும் ஒரே சட்டையா கழட்டிட்டான், எங்கயும் ஒட்டிக்கல. அப்புறமாவது சாப்பிடுவான்னு பார்த்தேன், சாப்பிடல."

"நான் அப்பாவைக் கேட்டேன்."

"அப்பாவும் இவளைத்தான் கேக்கணும்" என்றார் டெல்பர்ட்.

ஷெல்பி தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் இதமான சூடு, மறு பக்கம் குளிர்ச்சி, ஒளிந்துகொள்ளப் பக்கத்துக்கு ஒரு குகை, சுத்தமான தண்ணீர். குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது அவள் கோபத்தைக் கூட்டியது போலிருந்தது.

"மணல் போட்டீங்களா? மணலை முழுங்கினா குடல் அடைச்சுக்கும்."

"அது நான்" என்றார் டெல்பர்ட். "பாலைவனத்து ஆளாச்சே, ஊர் ஞாபகம் வரட்டும்னு ஒரு மூட்டை வாங்கிட்டு வந்தேன். அடுத்த நிமிஷமே இவ அதைக் குப்பையில கொட்டிட்டா. எனக்குக் கிடைச்ச திட்டு இருக்கே, அம்மாடி!"

யாரும் சிரிக்கவில்லை. ஷெல்பி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேஜர் அவள் முழங்கையிலிருந்து நழுவி மறுபடி எங்கோ போகப் பார்த்தான்.

"கட்டி கட்டியா இருக்குப்பா" என்றாள் மெதுவாக. "அம்மாவுக்கும் முதல்ல இப்படித்தான், கையில தட்டுப்பட்டுச்சு."

டெல்பர்ட் காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

முதலில் அசைந்தவள் கொரீன்தான். அலமாரியிலிருந்து ஒரு சுத்தமான தலையணை உறையை எடுத்து உதறினாள்.

"விசேலியாவுல பாம்பு, ஆமை எல்லாம் பார்க்கற டாக்டர் அம்மா இருக்காங்க. வாங்க. வண்டிய நான் எடுக்கறேன்."

ஊரில் அவளுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை. இருபது வருஷமாக அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே ஓட்டியவள். அன்றைக்குத் தன் சின்னக் காரை எடுக்கும்போதுதான் கை பிரேக்கை விடுவிக்க மறந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஷெல்பி முன் சீட்டில், தலையணை உறையை முடிச்சிட்டு மடியில் வைத்திருந்தாள். டெல்பர்ட் பின் சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்திருந்தார்.

ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல் ஊர்ந்தது.

"ஏசி நேரா அவன்மேல அடிக்குது" என்றாள் ஷெல்பி.

கொரீன் திருப்பிவிட்டாள்.

"இப்ப வெயில் படுது."

கொரீன் டீஷர்ட்டுக்கு மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஜன்னலுக்குத் திரையாகச் செருகினாள்.

ஷெல்பி ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் ரயிலைப் பார்க்கத் திரும்பினாள்.

விசேலியாவில் டாக்டர் ஒகாம்போ குள்ளமாக, குட்டையாக வெட்டிய தலைமுடியோடு இருந்தார். மேஜரை எடுத்து, ஒரு குழந்தையைக் கொஞ்சுவது போல ஏதோ முணுமுணுத்தபடி, கட்டைவிரலை வயிற்றின் வழியே ஓட்டினார். பிறகு களிம்பைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் நீள நீளமாக ஏதோ வரிசையாகத் தெரிந்தது.

கொரீன் அதைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது.

"கட்டி இல்ல, அடைப்பும் இல்ல. முட்டை!"



"யாரோட முட்டை?" என்றார் டெல்பர்ட்.

"இவங்களோடதுதான்."

"டாக்டர், மேஜர் ஆம்பளை" என்றாள் ஷெல்பி.

"யார் சொன்னா?"

"வித்த கடைக்காரர்."

"கடைக்காரர் வேற என்னவெல்லாம் சொன்னாரோ! இவ பொண்ணும்மா. நல்லா வளர்ந்த, வாட்டசாட்டமான பொண்ணு."

டெல்பர்ட் தலையில் கை வைத்தார். "பதினோரு வருஷமா ஒரு பொம்பளைய மேஜர்னு கூப்பிட்டிருக்கோமே!"

"ஏன், பொம்பளை மேஜரா இருக்கக் கூடாதா?" என்றார் டாக்டர்.

கொரீனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவளைப் பார்த்து டெல்பர்ட் சிரித்தார். ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"ஆனா டாக்டர், இவன்... இவ எப்பவும் தனியாத்தான் இருக்கா" என்றாள் ஷெல்பி. "இன்னொரு பாம்பைக் கூட விட்டா, ஒண்ணை ஒண்ணு முழுங்கி ஒண்ணுதான் மிஞ்சும்."

"சேவல் இல்லாம கோழி முட்டை வைக்கறதில்லையா? அப்படித்தான். பெரும்பாலும் வெறும் முட்டையா இருக்கும். எப்பவாவது, ரொம்ப அபூர்வமா, அப்பன் இல்லாமலே குஞ்சு பொரியறதும் உண்டு."

"ஆக ஆம்பளைங்களுக்கு இனிமே ஒரு வேலையும் இல்லைங்கறீங்க" என்றார் டெல்பர்ட்.

"உனக்கு முன்னாடியும் இருந்ததில்ல" என்றாள் கொரீன்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "இத்தனை வருஷம் இல்லாம இந்த வருஷம் முட்டை வந்திருக்குன்னா உடம்பு நல்லாத் தேறியிருக்குன்னு அர்த்தம். குளிர்காலத்துல அறையைக் குளிர விட்டு ஓய்வு குடுத்து, அப்புறம் நேரம் தவறாம சாப்பாடு போட்டிருக்காங்க. யார் பாத்துக்கறது?"

டெல்பர்ட் ஒரு விரலை நீட்டினார். கொரீன் தரையைப் பார்த்தாள்.

ஷெல்பி கொரீனைப் பார்த்தாள். கல்யாணத்தன்று மேலோட்டமாகப் பார்த்தாளே, அப்படி அல்ல. இப்போதுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்தது போல.

"ஜாக்கிரதையா இருங்க" என்றார் டாக்டர். "ஈரப் பாசி போட்ட மூடின டப்பா ஒண்ணு வைங்க, இருட்டா, அடக்கமா. முட்டை வைக்க இடம் கிடைக்கலேன்னா உள்ளேயே அடக்கிக்குவா, அப்ப உயிருக்கே ஆபத்து. இன்னிக்கோ நாளைக்கோ வச்சிடுவா. பாதியில நின்னுபோய்த் தவிச்சா உடனே தூக்கிட்டு வாங்க. மத்தபடி தொந்தரவு பண்ணாதீங்க."

"நான் இவளை இன்னிக்கு ரீனோவுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்."

"மலை தாண்டியா? கூடவே கூடாது!"

கொரீன் மூச்சுவிட்டாள். சத்தமாகவே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பின்னால் டெல்பர்ட் குறட்டை விட ஆரம்பித்தார்.

"எப்பலேர்ந்து?" என்றாள் ஷெல்பி.

"ஜனவரியிலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நான் அவளத் தொடறது உனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

ஷெல்பி யோசித்தாள். "பிடிச்சிருக்காதுதான்" என்றாள். பொய் சொல்லாததே கொரீனுக்கு ஆறுதலாக இருந்தது.

"கடிச்சிருக்காளா?"

"ஒரே ஒரு தடவை. ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த எலிய வெந்நீர்ல போட்டுச் சூடு பண்ணிட்டு, கையக் கழுவாம கிண்ணத்த எடுக்கப் போயிட்டேன். கட்டைவிரல கவ்வினவ விடவே மாட்டேன்னுட்டா. மென்னு தின்ன ஆரம்பிச்சிட்டா!"

"அய்யோ! என்ன பண்ணீங்க?"

"குளிர்ந்த தண்ணிக் குழாய்க்குக் கீழே புடிச்சேன், விட்டுட்டா. அப்புறம் ஒரு மூச்சு அழுதுட்டு, எலிய ஊட்டிவிட்டேன். பாவம், பசியோட ஏமாந்து போயிட்டாளே."

ஷெல்பி வாய்விட்டுச் சிரித்தாள். மடியில் இருந்த தலையணை உறை அசைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஷ்ஷ்" என்றார்கள், யாரை என்று தெரியாமல்.

வீட்டில் சரியான டப்பா கிடைக்கவில்லை. ஒன்று சின்னது, ஒன்றுக்கு மூடி இல்லை. கடைசியில் கொரீன் சமையலறை மேல் தட்டிலிருந்து தன் கேக் டப்பாவை இறக்கினாள். வட்டமான, ஆழமான, அழுத்தினால் டப்பென்று மூடிக்கொள்ளும் டப்பா.

"அதுவா?" டெல்பர்ட் பதறினார். "சர்ச் விருந்துக்கு எதுல கேக் கொண்டு போவே?"

"வேற வாங்கிக்கலாம். ஓட்டை போடு."

"இதுல முட்டை வச்சான்னு பாதிரியாருக்குத் தெரிஞ்சா..."

"கேக்குலயும் முட்டைதான் இருக்கு. போடு ஓட்டைய!"

வழியில் வாங்கிவந்த பாசியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, ஷெல்பியும் கொரீனும் சேர்ந்து நிரப்பினார்கள். "இன்னும் கொஞ்சம் பிழியணும்" என்றாள் ஒருத்தி. "போதும், காஞ்சு போயிடும்" என்றாள் இன்னொருத்தி. தொட்டிக்குள் வைத்ததும் மேஜர் அதைச் சுற்றி வந்தாள், ஓட்டையில் நாக்கை நீட்டிப் பார்த்தாள், தலையை விட்டாள். பிறகு வால் நுனிவரை உள்ளே இழுத்துக்கொண்டு மறைந்துபோனாள்.

டெல்பர்ட் கதவைச் சாத்தி, ஒரு துண்டுக் காகிதத்தில் 'பிரசவ அறை, ஆண்கள் நுழையத் தடை' என்று எழுதி ஒட்டினார்.

அதற்கப்புறம் காத்திருப்பு. கொரீன் பாத்திரம் தேய்த்தாள், தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். ஷெல்பி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். டெல்பர்ட் தாங்க முடியாமல் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பை மூட்டி, பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை வாட்டப் போய்விட்டார்.

வெயில் தணிந்து, தோப்புப் பக்கமிருந்து காற்று வர ஆரம்பித்தபோது ஷெல்பி சமையலறைக்கு வந்தாள்.

"பார்த்துடலாமா? ஒரே ஒரு தடவை?"

"நானே கேக்கலாம்னு இருந்தேன்."

டப்பாவின் மூடியை ஒரு விரல் அளவு தூக்கினார்கள். மேஜர் தளர்ந்து, தொளதொளவென்று, பாதி எடையாகிவிட்டவள் போலச் சுருண்டிருந்தாள். அவள் சுருளுக்கு நடுவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏழு முட்டைகள்.

கொரீனின் கை தானாகவே ஷெல்பியின் கையைப் பிடித்தது. ஷெல்பி இழுத்துக்கொள்ளவில்லை.

ஷெல்பி மேஜரை மெதுவாக எடுத்துக் கொரீனின் தோளில் விட்டாள். முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறு மஞ்சளித்து, பள்ளம் விழுந்து, கைபட்டால் அமுங்கின. உதட்டைப் பிதுக்கினாள். ஏழாவது மட்டும் சுண்ணாம்பு போல வெள்ளையாக, திரண்டு, உறுதியாக இருந்தது.

"லைட்டை அணைங்க."

அலைபேசி விளக்கை அந்த முட்டைக்குப் பின்னால் பிடித்தாள். உள்ளே வெளிச்சம் பரவியது. ஒரு ஓரத்தில், கன்னம் சிவந்தது போல, இளஞ்சிவப்பாக ஒரு வட்டம்.

"அது என்ன?" கொரீன் கிசுகிசுத்தாள்.

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வெறும் முட்டையில இப்படி இருக்காது." ஷெல்பி விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "டாக்டர் சொன்னாங்களே, அபூர்வமான்னு..."

முட்டையின் உச்சியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். இனி அதைப் புரட்டக் கூடாது. புள்ளி எப்போதும் மேலே பார்த்தபடியே இருக்க வேண்டும். ஈரப் பாசி நிரப்பிய சின்ன டப்பாவில், குஞ்சைப் படுக்க வைப்பது போல அதைக் கிடத்தினாள்.

கொரீன் ஒரு சின்ன எலியை வெந்நீரில் போட்டு எடுத்துவந்தாள். இடுக்கியால் நீட்டியதுதான் தாமதம். மேஜர் பாய்ந்து கவ்விச் சுற்றிக்கொண்டாள்.

"சாப்பிடறா! ஷெல்பி, சாப்பிடறா பாரு!"

இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு பாம்பு எலி விழுங்குவதை ஆனந்தக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாசத்துக்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கொரீன் அவர்களை டாக்டரிடம் அனுப்பியிருப்பாள்.

"பொரிய எத்தனை நாளாகும்?" என்றாள் கொரீன்.

"ரெண்டு மாசம். தினமும் சூடு பார்க்கணும், ஈரம் பார்க்கணும்."

"நான் பாத்துக்கறேன். நீ கவலப்படாம வேலைக்குப் போ. தினமும் போட்டோ அனுப்பறேன்."

ஷெல்பி கையிலிருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் ரீனோவுக்குத் திரும்பப் போறதில்ல" என்றாள்.

"ஏன்? என்னம்மா ஆச்சு?"

"இன்னிக்கு வேணாம். இன்னிக்கு நல்ல நாளாவே இருக்கட்டும்." அவள் கண்கள் முட்டை டப்பாவிலேயே இருந்தன. "அப்பாவுக்குத் தெரியாது. நீ சொல்லிடாத."

'நீ' என்றாள். வந்ததிலிருந்து 'நீங்க, நீங்க' என்று நாலடி தள்ளி நின்றவள். தான் சொன்னதை அவளே கவனித்ததாகத் தெரியவில்லை. கொரீன் அதைக் கவனித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

கொல்லையிலிருந்து இறைச்சி வாசனையோடு டெல்பர்ட்டின் குரல் வந்தது.

"சாப்பாடு ரெடி! ரெண்டு பேரும் உள்ள என்ன ரகசியம் பேசறீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து கொரீன் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அவள் ஷெல்பியைப் பார்த்தாள். ஷெல்பி அவளைப் பார்த்தாள்.

"முட்டைய எண்ணிட்டிருக்கோம்!" என்று கத்தினாள் கொரீன். "வரோம், போ!"